பில் விதர்ஸ்: பாட்டை வேலையாகப் பார்த்தவர்

1971-ல் வந்த ஓர் இசைத்தட்டின் உறையில் ஒரு கறுப்பின மனிதர் சாதாரண உடையில், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு சுவரோரமாக நிற்பார். பாடகர்களின் முதல் ஆல்பம் என்றால் உறைக்காகவே தனியாக உடை தைத்து, விளக்கு வைத்து, முகத்துக்குப் பூச்சு பூசி எடுப்பார்கள். இந்தப் படம் அப்படி எடுத்ததில்லை. கலிஃபோர்னியாவில் பர்பேங்க் என்ற ஊரில் விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்துகொண்டிருந்த வெபர் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்கு நார்மன் சீஃப் என்ற புகைப்படக்காரர் நேரிலேயே போய், மதிய இடைவேளையில் எடுத்தது. படத்தில் நிற்பவர் அங்கே வேலை பார்த்த தொழிலாளி. பெயர் பில் விதர்ஸ். ஆல்பத்தின் பெயர் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. இருக்கிறபடியே நான் என்று அர்த்தம். அப்போது அவருக்கு 32 வயது. இசை உலகத்தில் அது கடையைக் கட்டுகிற வயது என்றுதான் அப்போதும் நினைத்தார்கள், இப்போதும் நினைக்கிறார்கள்.

விதர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இரண்டு ஆச்சரியங்களைச் சொல்வார்கள். ஒன்று, இவ்வளவு தாமதமாக வந்தது. இன்னொன்று, பதினைந்து வருடங்களுக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனது. இரண்டுமே ஆச்சரியம் இல்லை, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். அவர் பாட்டு எழுதுவதை ஒரு வேலையாகப் பார்த்தார். மட்டமாகச் சொல்லவில்லை, உயர்வாகவே சொல்கிறேன். கைவேலை தெரிந்த ஒருவர், தன் கையால் ஆனதைச் சுத்தமாகச் செய்து கொடுப்பார், கூலி வரவில்லை என்றால் கேட்பார், வேலையிடத்தில் மரியாதை இல்லை என்றால் கிளம்பிவிடுவார். அவருடைய பாட்டுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு ஒருவர், வரி இன்னொருவர், குரல் மூன்றாமவர். விதர்ஸின் பாட்டுகளில் மிகப் பல அவரே மெட்டுப் போட்டு, வரி எழுதி, பாடியவை. அதனால் ஒரு வரி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று யோசித்தால், அந்த மனிதர் எங்கே பிறந்தார், எப்படிப் பேசினார் என்பதில் போய் முடியும்.

அவர் பிறந்தது 1938 ஜூலை 4, வெஸ்ட் வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். ஆறு பிள்ளைகளில் கடைசி. அவருக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற பெக்லியில் அம்மா வீட்டுப் பக்கம்தான் வளர்ந்தார். பதிமூன்று வயதில் அப்பா இறந்துபோனார். வீட்டு ஆண்கள் சுரங்கத்துக்குள் இறங்குவது வழக்கம், அந்தக் குடும்பத்தில் இறங்காத முதல் ஆண் இவர். ஸ்லாப் ஃபோர்க்கில் ரயில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள், மறுபக்கம் கறுப்பர் வீடுகள். ஆனால் ஊர் சின்னது, எல்லாருக்கும் ஒரே சுரங்கம்தான் சோறு போட்டது. இல்லாதவருக்கு இருக்கிறவர் கொடுப்பது அங்கே பெரிய தருமம் இல்லை, நாளைக்குத் தனக்கும் தேவைப்படும் என்று எல்லாருக்கும் தெரியும். பிற்பாடு அவர் எழுதிய மிகப் பெரிய பாட்டு அந்த ஊரிலிருந்து வந்தது. அதற்கு வருகிறேன்.

அவருக்குத் திக்குவாய். சின்ன வயதில் மட்டும் இல்லை, இருபத்தெட்டு வயது வரைக்கும். தன் பெயரைச் சொல்லவே தடுமாறுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடமும் தெருவும் எப்படி நடத்தும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இவன் ஒன்றுக்கும் ஆக மாட்டான் என்று மற்றவர்கள் முடிவுகட்டிய காலத்தில், இல்லை இவன் பெரிய ஆளாக வருவான் என்று சொன்னது அம்மா வழிப் பாட்டி. தன்னுடைய திக்கலுக்குக் காரணம் கேட்பவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற பயம், மற்றவர்களைப் பற்றித் தனக்கு இருந்த மதிப்பு தன்னைப் பற்றி இல்லை, அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பேச்சு சரியானது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொல்வார். அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விதர்ஸின் வரிகளில் வீணாக ஒரு சொல் இருக்காது. வார்த்தை வாயிலிருந்து வருவதே பாடாக இருந்த ஒருவர், வர வேண்டிய வார்த்தை எது என்பதை வருடக்கணக்கில் மனதுக்குள் தேர்ந்தெடுத்துப் பழகியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதாக நான் படித்ததில்லை, பாட்டைக் கேட்டு நானாக ஊகிப்பதுதான்.

பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தார், ஒன்பது வருடம் இருந்தார். படைகளில் இனப் பிரிவினை கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் 1948-லேயே உத்தரவு போட்டிருந்தாலும், கறுப்பின இளைஞன் வந்தால் சமையற்கட்டுக்கோ அதிகாரிகளுக்குப் பரிமாறவோ அனுப்புகிற பழக்கம் போயிருக்கவில்லை. நான் சமையல்காரனாகவோ பரிமாறுகிறவனாகவோ ஆகப்போவதில்லை என்று தீர்மானித்து விமான மெக்கானிக் பயிற்சிக்குப் போனார். 1965-ல் வெளியே வந்தார்.

பாட்டு எப்போது உள்ளே வந்தது? அவரே சொன்ன கதை இது. ஓக்லாந்தில் ஒரு கிளப்பில் லூ ரால்ஸ் என்ற பெரிய பாடகரின் நிகழ்ச்சி. ரால்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. கிளப் நடத்துகிறவர் முன்னும் பின்னும் நடந்துகொண்டு, வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வர முடியவில்லை இவரால் என்று புலம்புகிறார். விதர்ஸ் அப்போது மணிக்கணக்குக் கூலியில் வேலை பார்க்கிறவர். 2,000 டாலர் என்பது காதில் விழுந்தது. அதைவிட, ரால்ஸ் வந்ததும் பெண்கள் அவரைச் சுற்றி நின்று பேசுவதும் கண்ணில் பட்டது. அடகுக் கடைக்குப் போய் மலிவான கிட்டார் ஒன்று வாங்கித் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். தெய்வ அழைப்பு, சின்ன வயதுக் கனவு என்று எதுவும் இந்தக் கதையில் கிடையாது. இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குக் கூலி நன்றாக இருக்கிறது, செய்து பார்க்கலாம். அவ்வளவுதான். இப்படி உண்மையைச் சொல்கிற கலைஞர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1967-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தார். பகலில் தொழிற்சாலை, கையில் மிஞ்சிய பணத்தில் மாதிரிப் பதிவுகள். பல நிறுவனங்கள் கதவைச் சாத்தின. கடைசியில் கிளாரன்ஸ் அவந்த் என்ற கறுப்பின முதலாளி நடத்திய சஸ்ஸெக்ஸ் ரெக்கார்ட்ஸ் எடுத்துக்கொண்டது. தயாரிக்க அவந்த் ஏற்பாடு செய்த ஆள் புக்கர் டி. ஜோன்ஸ். மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் இசை நிறுவனத்தின் வாத்தியக் குழுவுக்குப் பெயர் கொடுத்தவர், ஆர்கன் மேதை. டிரம்ஸுக்கு ஆல் ஜாக்சன், பேஸுக்கு டொனால்ட் டன், கிட்டாருக்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ். இப்படிப்பட்ட கூட்டம் கூடியிருக்கிற அறைக்குள் தொழிற்சாலையிலிருந்து வந்த விதர்ஸ் நுழைந்து, புக்கர், இந்தப் பாட்டுகளையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டாராம். நீங்கள்தான் என்றார் புக்கர். தான் எழுதியதை வேறு ஒரு நல்ல பாடகருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். தன்னைப் பாட்டு எழுதுகிறவராகத்தான் பார்த்தாரே தவிர, நட்சத்திரமாகப் பார்க்கவில்லை.

அந்த ஆல்பத்தில்தான் 'ஏன்ட் நோ சன்ஷைன்' இருக்கிறது. இந்தப் பாட்டிடம் கொஞ்சம் நின்றே போக வேண்டும்.

அவள் இல்லாதபோது வெயில் இல்லை. பாட்டு சொல்வது இதுதான். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. முன்னிசை கிடையாது, எடுத்த எடுப்பில் குரல். பல்லவி, சரணம் என்று பிரித்து எழுப்பிய கட்டடமும் கிடையாது, சின்னச் சின்ன மூன்று சரணம், ஒவ்வொன்றும் போன வழியே திரும்பி வரும். 1962-ல் வந்த 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தோன்றியதாம். ஜாக் லெமனும் லீ ரெமிக்கும் குடியால் மாறி மாறி அழிகிற தம்பதியாக நடித்த படம். நமக்கு நல்லதே செய்யாத ஒன்றையும் நாம் ஏங்கித் தேடுகிறோம், எலிப் பாஷாணத்தை இன்னொரு கவளம் கேட்கிற மாதிரி என்று அதைப் பற்றி அவர் சொன்னார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால் பாட்டு வேறு மாதிரி ஒலிக்கும். காதலியைப் பிரிந்த சோகம் என்று இத்தனை நாள் கேட்டது, விட முடியாத ஒரு பழக்கத்தைப் பற்றிய பாட்டாகத் திரும்பிக்கொள்ளும். அவள் போய்விட்டாள், வருவாளா தெரியாது, இவர் அவளை விட்டிருக்க வேண்டும், இவருக்கும் அது தெரியும்.

அந்தத் 'தெரியும்' வருகிற இடம்தான் உலகமெங்கும் பிரபலம். மூன்றாவது சரணத்துக்கு அவர் வரி எழுதி முடிக்கவில்லை, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தை 'எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்' என்று திருப்பித் திருப்பிப் பாடி நிரப்பி வைத்திருந்தார். மொத்தம் 26 தடவை. வேறு வரி போடுகிறேன் என்றபோது கூட இருந்த வாத்தியக்காரர்கள், வேண்டாம், அப்படியே விடு என்றார்கள். நேற்றுவரை தொழிற்சாலையில் இருந்தவன் நான், இவர்களோ இந்தத் தொழிலில் பழுத்தவர்கள், அதனால் கேட்டுக்கொண்டேன் என்றார் விதர்ஸ். அந்த இருபத்தாறில் வாத்தியங்கள் ஓய்ந்து, குரலும் தாளமும் மட்டும் மிஞ்சி, மூச்சு முட்டுகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இங்கே எனக்கு அவருடைய திக்கல் ஞாபகம் வராமல் இருந்ததே இல்லை. ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்பது என்ன என்று உடம்பால் தெரிந்த ஒருவர், அதை இசையாக்கிப் பாடுகிறார்.

நிறுவனத்துக்கு இந்தப் பாட்டின் மேல் நம்பிக்கை இல்லை. தனித் தட்டாக வெளியிட்டபோது 'ஹார்லம்' என்ற பாட்டை முன்பக்கத்தில் போட்டு இதைப் பின்பக்கத்தில் போட்டார்கள். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் மூன்றாம் இடம், 1972-ல் சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுக்கான கிராமி. தட்டு பத்து லட்சம் விற்றதற்கு நிறுவனம் அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கழிப்பறை இருக்கையைப் பரிசாகக் கொடுத்தது, அவர் செய்துவந்த வேலையின் நினைவாக. அவர் அந்த வேலையையும் சட்டென்று விடவில்லை. இந்த இசைத் தொழில் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது என்று நினைத்தார். பிறகு ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். அப்போது ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்ததாம், ஒன்று தொழிற்சாலை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டு எழுதியது, இன்னொன்று அமெரிக்காவே பார்க்கிற ஜானி கார்சன் நிகழ்ச்சியிலிருந்து.

அதே ஆல்பத்தில் பாட்டியைப் பற்றி ஒரு பாட்டு, 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. பாட்டி நல்லவள், தியாகி என்று ஒரு வார்த்தை கிடையாது. பாட்டியின் கைகள் என்னென்ன செய்தன என்பது மட்டும்தான். தேவாலயத்தில் தட்டின, டாம்பரின் என்ற கைப்பறையை வாசித்தன, வலியால் வீங்கின, விழுந்த பையனைத் தூக்கின. பாசத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்வது என்பது எழுதுகிற எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டியது. இரண்டே நிமிடத்தில் ஒரு முழு மனுஷி வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

1972-ல் வந்த 'ஸ்டில் பில்' இரண்டாவது ஆல்பம். இந்தத் தடவை வெளியாள் தயாரிப்பாளர் வேண்டாம் என்று, வாட்ஸ் 103-வது தெரு ரிதம் பேண்டிலிருந்து வந்த ஜேம்ஸ் கேட்ஸன், ரே ஜாக்சன், மெல்வின் டன்லப், பெனோர்ஸ் பிளாக்மன் ஆகியோரோடு சேர்ந்து தாங்களே செய்துகொண்டார்கள். அவர் செய்ததிலேயே முழுசான ஆல்பம் இதுதான் என்பேன். 'யூஸ் மீ' இதில் இருக்கிறது, கேட்ஸனின் டிரம்ஸுக்காகவே நூறு தடவை கேட்கலாம், அது இரண்டாம் இடம் வரை போனது. 'லீன் ஆன் மீ' முதலிடத்துக்கே போய் மூன்று வாரம் இருந்தது.

கையில் கொஞ்சம் பணம் வந்ததும் ஒரு வுர்லிட்ஸர் மின் பியானோ வாங்கினார். பியானோ வாசிக்கத் தெரியாது. விரலை மாற்றாமல், கையை அப்படியே கட்டையின் மேல் மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்தார். ச, ரி, க, ம. அப்புறம் ம, க, ரி, ச. அவ்வளவுதான் 'லீன் ஆன் மீ'யின் மெட்டு. கர்நாடக சங்கீதம் படிக்கப் போன யாராக இருந்தாலும் சங்கராபரணத்தில் இந்த நான்கு சுரங்களைத் தொட்டுப் பார்த்தால் புரிந்துவிடும், சரளி வரிசை பாடுகிற குழந்தைக்கு எட்டுகிற தூரம்தான் பாட்டு முழுக்க. தாண்டல் இல்லை, குதித்தல் இல்லை. பக்கத்து வீட்டுக்கு நடந்து போவதைப் போல ஒவ்வொரு சுரமும் அடுத்ததற்குப் போகிறது. தெரிந்தது அவ்வளவுதான் என்பதால் அப்படி அமைந்தது என்று அவர் சொல்வார். எனக்கு அது மட்டும் போதாது. அந்த அளவுக்கு மேல் போகத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தும் இப்படி ஒன்றை ஒருவரும் செய்யவில்லையே.

வரிகளும் அதே நடைதான். நீ பலவீனமாக இருக்கும்போது என் மேல் சாய்ந்துகொள், எனக்கும் சீக்கிரமே சாய ஓர் ஆள் தேவைப்படும். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். நான் உன்னைத் தாங்குவேன் என்று சொல்கிற பாட்டுகள் ஆயிரம் இருக்கின்றன, அவற்றில் பாடுகிறவர் மேலே நிற்பார், கேட்கிறவர் கீழே நிற்பார். இங்கே இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்கிறார்கள், இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. ஸ்லாப் ஃபோர்க்கின் கணக்கு அது. கடற்படையில் இருந்த காலத்தில் அலபாமாவில் ஒரு கிராமத்துச் சாலையில் டயர் வெடித்து நின்றபோது, மேட்டிலிருந்து இறங்கி வந்த முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து இவருக்குப் பயம் பிடித்ததாம். அந்தக் காலத்து அலபாமாவில் கறுப்பின இளைஞன் பயப்படக் காரணம் இருந்தது. அந்த ஆள் திரும்பிப் போய், ஒரு டயரைக் கொண்டுவந்து, கூட நின்று மாட்டிக் கொடுத்தார். பாட்டின் அர்த்தம் கேட்டால் விதர்ஸ் இதையும் சொல்வார். ஊரைப் பற்றிப் பெருமையும் கிடையாது, இனவெறி இல்லை என்ற பொய்யும் கிடையாது, நடந்ததை நடந்தபடி சொல்வார்.

1972 அக்டோபர் 6 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் பாடினார், அடுத்த வருடம் அது ஆல்பமாக வந்தது. பாட்டுக்கு முன்னால் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். திக்கிய பிள்ளை அந்த மேடையில் நின்று பாட்டியைப் பற்றிக் கதை சொல்லி அரங்கத்தைச் சிரிக்க வைக்கிறது. அப்புறம் 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட் ஹேண்டட்'. வியட்நாமில் வலது கையை இழந்த ஓர் இளம் சிப்பாய், இடது கையால் எழுத வராது, அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறீர்களா என்று யாரிடமோ கேட்கிறான். போர் தப்பு என்று ஒரு வரி கிடையாது. அந்தக் காலத்தில் வந்த போர் எதிர்ப்புப் பாட்டுகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று தெரியாது, ஏனென்றால் இது கேட்பது ஒரு கடிதம் மட்டும்தான்.

இதுவரை ஏறுமுகம். 1973-ல் டெனிஸ் நிக்கலஸ் என்ற நடிகையைத் திருமணம் செய்து அடுத்த வருடமே பிரிந்தார். 1974 செப்டம்பரில் கின்ஷாசாவில், முகமது அலி - ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டி நடந்த பெரிய இசை விழாவில் ஜேம்ஸ் பிரவுனோடும் பி. பி. கிங்கோடும் ஒரே மேடையில் பாடினார். சஸ்ஸெக்ஸிலிருந்து பணம் வரவில்லை. பதிவு செய்துகொண்டிருந்த ஓர் ஆல்பத்தின் நாடாக்களை முழுக்க அழித்துவிட்டார். வேறு விதமாகவும் அதைக் கையாண்டிருக்கலாம் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஆனால் எனக்கு அதில் ஒரு தொழிலாளியின் கோபம் புரிகிறது, கூலி தராதவனுக்கு ஏன் சரக்கு? ரசிகனாக அந்த ஆல்பம் போனதே என்று வயிறு எரிகிறது, அதுவும் உண்மை. 1975-ல் சஸ்ஸெக்ஸ் மூடப்பட்டது.

அப்புறம் கொலம்பியா ரெக்கார்ட்ஸ். பெரிய நிறுவனம், பெரிய கட்டடம், இசையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்திருக்கிற அதிகாரிகள். முன்னிசையில் ஊது வாத்தியம் சேர், பின்குரலுக்குப் பெண்களைச் சேர், எல்விஸ் பாடிய 'இன் த கெட்டோ'வை நீ பாடு. கறுப்பின மக்களுக்கு எது பிடிக்கும் என்று கறுப்பினத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வந்து பாடம் எடுத்தார்கள். தன் பாட்டுகளைத் தானே எழுதி முதலிடம் கண்ட ஒருவரிடம் போய் எல்விஸ் பாட்டைப் பாடச் சொன்ன அந்த ஒரு விஷயம் போதும், மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். இந்தக் காலத்து ஆல்பங்கள் எனக்கு ஒரு படி கீழேதான். ஓசை வழவழப்பாகிவிட்டது, கேட்ஸன் கூட்டத்தின் சொரசொரப்பு இல்லை. ஆனாலும் 1977-ல் ஸ்கிப் ஸ்கார்பரோவோடு சேர்ந்து எழுதிய 'லவ்லி டே' வந்தது, அதன் முடிவில் ஒரே சுரத்தை 18 விநாடி இழுத்துப் பிடிப்பார், மூச்சுக்கட்டு வித்தையாகத் தோன்றாது, நல்ல நாள் ஒன்று முடிய மனமில்லாமல் நீள்வதாகவே தோன்றும்.

1978-க்குப் பிறகு ஏழு வருடம் கொலம்பியாவில் அவர் ஆல்பம் ஒன்றுகூட வெளிவரவில்லை. அதே காலத்தில் வேறு ஒரு நிறுவனத்துக்காக க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் சாக்ஸஃபோன் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாடினார். ரால்ஃப் மெக்டொனால்டும் வில்லியம் ஸால்டரும் கொண்டுவந்த பாட்டு, வார்த்தை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், வரிகளில் கை வைக்கலாமா என்று கேட்டு மாற்றி எழுதினார். 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்'. 1981-ல் இரண்டாம் இடம், அடுத்த வருடம் கிராமி. ஒப்பந்தம் போட்ட நிறுவனத்தில் பதிவு செய்ய முடியாத ஒருவர், விருந்தாளியாகப் போன இடத்தில் விருது வாங்கினார். 1985-ல் 'வாட்சிங் யூ வாட்சிங் மீ' வந்தது. அதுதான் கடைசி. ஒப்பந்தம் முடிந்தது, கிளம்பிவிட்டார்.

மனம் உடைந்து ஒதுங்கினார், வீணாய்ப் போனார் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 1976-ல் மார்சியா ஜான்சனைத் திருமணம் செய்திருந்தார். இரண்டு குழந்தைகள், டாட், கோரி. நிர்வாகம் படித்த மார்சியாதான் பாட்டு உரிமை விவகாரங்களைப் பார்த்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலிஸில் வீடு, மனை என்று முதலீடும் செய்தார்கள். பாடுவதை நிறுத்தியும் வாழ முடிந்ததற்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு காரணம் உண்டு. அங்கே பாட்டு வேறு, பதிவு வேறு. பதிவு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் தனிச் சொத்துரிமை. ஒரு தடவை வெளியான பாட்டை யார் வேண்டுமானாலும் மறுபடி பாடிப் பதிவு செய்யலாம், எழுதியவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை, ஆனால் சட்டம் நிர்ணயித்த தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பங்கு உண்டு, அங்கே சாதாரண வானொலியில் பாடினவருக்கு அது கிடையாது. நல்ல பாட்டு எழுதி வைத்தவருக்கு அது வயலைப் போல.

1987-ல் க்ளப் நூவோ என்ற குழு 'லீன் ஆன் மீ'யைத் துள்ளல் தாளத்தில் பாடி மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது, எழுதியவருக்கு மூன்றாவது கிராமி வந்து சேர்ந்தது, அவர் வீட்டில் இருக்கும்போதே. 1996-ல் ப்ளாக்ஸ்ட்ரீட்டின் 'நோ டிகிட்டி' முதலிடம் பிடித்தது, அதன் அடியில் திரும்பத் திரும்ப ஒலிக்கிற முனகலும் கிட்டாரும் பாட்டியைப் பற்றிய அந்தப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது, ஆசிரியர் பெயர்களில் விதர்ஸும் இருக்கிறார். பாட்டியின் கைகளைப் பற்றி எழுதிய ஒன்று கால் நூற்றாண்டு கழித்து நடனக் கூடங்களை ஆட்டியது, நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

2009-ல் அவரைப் பற்றி 'ஸ்டில் பில்' என்ற பெயரிலேயே ஓர் ஆவணப்படம் வந்தது. அதில் திக்கிப் பேசும் பிள்ளைகளின் நாடகக் குழு ஒன்றை நியூயார்க்கில் போய்ப் பார்ப்பார். பிள்ளைகள் மேடையேறிப் பேசுவதைப் பார்த்து அழுதுவிடுவார். தன் சொந்தப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதாகவும் அதில் ஒன்று வரும். பிரமாதம் என்ற ஊருக்குப் புறப்படுங்கள், நல்லது, ஆனால் வழியில் பரவாயில்லை என்ற ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே இறங்கினால் சுற்றி நன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், ஒருவேளை அதற்கு மேல் போக முடியாமலும் போகலாம். ஆறுதலுக்காகச் சொல்வதாக இதைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பது வயது வரை அந்த இடைவழி ஊரிலேயே வாழ்ந்து, அங்கேயிருந்த மனிதர்களைப் பாட்டாக்கியவர் சொல்கிறார் என்று வைத்துக் கேட்டால்தான் அதன் முழு கனம் தெரியும்.

2015-ல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், அறிமுகம் செய்தது ஸ்டீவி வொண்டர். 2020 மார்ச் 30 அன்று, 81 வயதில், இருதயக் கோளாறால் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். கொரோனா ஊரடங்கில் ஆளுக்கொரு வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்ல 'லீன் ஆன் மீ'யைப் பாடி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை. குடும்பத்தினர் ஏப்ரல் 3 அன்றுதான் செய்தி சொன்னார்கள்.

இவரைக் கேட்டதே இல்லை என்பவர்கள் தொகுப்பு ஆல்பங்களில் ஆரம்பிக்க வேண்டாம், அதில் எல்லாம் ஒரே மாதிரி மெருகோடு வரிசையாக வரும், மனிதர் தெரிய மாட்டார். கார்னகி ஹாலில் ஆரம்பியுங்கள், பேச்சைத் தாண்டிப் போகாமல். அப்புறம் 'ஸ்டில் பில்', அப்புறம் முதல் ஆல்பம். கார்னகியின் கடைசியில் 'ஹார்லம்' என்று தொடங்கி, 'கோல்ட் பலோனி' என்ற இன்னொரு பாட்டுக்குள் நுழைந்து, கூட்டமே கைதட்டிப் பாட, பதிமூன்று நிமிடம் ஓடும். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.